எங்கள் தெருவின் 312 கையெழுத்து

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. செமஸ்டர் முடிந்துவிட்டது, இனி சாக்குச் சொல்ல முடியாது.

நான் பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறை. எங்கள் தெருமுனையில் ஒரு மதுக்கடை. தறிக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும் பெண்கள் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுப்பதென்று முடிவானது. "உன்ற எழுத்துதான் கண்ணு முத்து முத்தா இருக்கும், நீயே எழுதிரு" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு நீள நோட்டை என் கையில் திணித்தார்.

நாலு நாள் வீடு வீடாகப் போனேன். கையெழுத்துப் போடத் தெரியாத ஆயாக்களுக்கு மை டப்பா கொண்டுபோனேன். "அவரு வெளியூர் போயிருக்காரு, நானே போட்டர்றேன்" என்று ஒரு அக்கா வீட்டுக்காரர் பெயரையும் எழுதினார். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் ஆசையாகக் கேட்டான், அவனையும் போடச் சொன்னேன். தினமும் அந்தக் கடைக்குப் போகும் ஒரு மாமாவிடம் நோட்டை நீட்டக் கூச்சமாக இருந்தது. அவரே வாங்கிப் போட்டார். "எனக்கும் கடை இங்க வேண்டாம் கண்ணு. பக்கத்துல இருந்தா கால் தானாப் போகுது" என்றார்.

மொத்தம் 312. முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். அவ்வளவுதான். கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நிற்க.

போன வருடம் கம்பெனி லா வகுப்பு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 100. ஓட்டுரிமை உள்ள பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருப்பவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டால், இயக்குநர் குழு 21 நாளுக்குள் பொதுக்கூட்டத்துக்கு ஏற்பாடு தொடங்க வேண்டும். மனு கிடைத்த 45 நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். அவர்கள் கூட்டாவிட்டால் கேட்டவர்களே கூட்டிக்கொள்ளலாம்! எல்லோரும் பரீட்சைக்கு முக்கியம் என்று அடிக்கோடு போட்டார்கள். எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. பங்கு வைத்திருப்பவரின் கையெழுத்துக்கு இத்தனை நாள், இத்தனை சதவீதம் என்று கணக்கு இருக்கிறது. எங்கள் ஆயாவின் கைநாட்டுக்கு?

தேடிப் பார்த்ததில், நம் நாட்டிலேயே அதற்குக் கணக்கு வைத்திருக்கும் இடங்கள் உண்டு என்று தெரிந்தது. மகாராஷ்டிராவில் 2008-ல் வந்த ஒரு உத்தரவு. ஒரு ஊரிலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மதுக்கடையை மூடச் சொல்லி மனு கொடுத்தால், அதிகாரிகள் கையெழுத்துகளைச் சரிபார்த்து ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னம். நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும், படுத்த பாட்டில் என்றால் மூடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பமே வராது. பாதிக்கு மேல் பெண்கள் பாட்டிலைப் படுக்கவைத்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

ராஜஸ்தானில் இதைவிடப் பழைய விதி, 1975-லேயே இருக்கிறது. அங்கே 20 சதவீத வாக்காளர்கள் கேட்டால் போதும். ராஜ்சமந்த் மாவட்டத்து கச்பலி கிராமத்தில் 2016-ல் அப்படி வாக்கெடுப்பு நடந்து, ஓட்டுப் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூடச் சொன்னார்கள்.

நம் ஊரிலும் கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. 2023-ல் நீட் விலக்கு கேட்டு 50 நாளில் 50 லட்சம் என்று திமுக ஆரம்பித்தது. 2025-ல் மும்மொழிக்கு ஆதரவாக ஒரு கோடி என்று பாஜக. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை. இலக்கை எட்டினால் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால் யாரும் எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் மனுவின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. மகாராஷ்டிரா விதியைப் படித்த ராத்திரி அதை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். ஒரே ஆள் இரண்டு முறை போட்டது, வீட்டுக்காரருக்காகப் போட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள், முகவரியே இல்லாதது எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியது 241. அதில் பெண்கள் 168.

வெட்கமாகத்தான் இருந்தது. 312 என்று பெரிதாக எழுதியது நான்தானே? ஆனால் அதைவிட இன்னொன்று உறுத்தியது. நான் செய்த தப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் யாராவது அந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்க வேண்டுமே. சுவிட்சர்லாந்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த மக்களே வாக்கெடுப்பு கேட்கலாம். 18 மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர் நிர்வாகம் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்பார்க்கும். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துச் சேகரித்தவர்கள் போலிகளை நுழைத்ததாக 2024-ல் அங்கே பெரிய ரகளையே ஆனது. ஒரு கையெழுத்துக்கு மதிப்பு இருந்தால்தானே போலி போடவே ஒருத்தன் மெனக்கெடுவான் :)

வேடிக்கை என்னவென்றால், நம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில்தான் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காக விமோசனம் என்று பத்திரிகையே நடத்தினார். அவர் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு முதலில் வந்தது. அப்போது நாம் சேலம் மாவட்டம். அதற்காக எங்கள் கொள்ளுப்பாட்டிகளிடம் யாரும் நோட்டை நீட்டியதாகத் தெரியவில்லை. மேலே இருந்து வந்தது, 1971-ல் மேலே இருந்தே தளர்ந்தது.

இந்த 25 சதவீத விதி இங்கே வந்தால் எங்கள் தெரு ஜெயிக்குமா? 168 போதாமல்கூடப் போகலாம். பரவாயில்லை. தோற்றாலும் எண்ணித் தோற்றோம் என்று இருக்குமே.

போன வாரம் அத்தையிடம் 241 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஒம்பதாவது பையனுக்கு இப்ப ஓட்டு வந்துருச்சுல்ல? அவனைச் சேத்திக்க" என்றார்.

மனுவுக்குக் கிழித்ததுபோக மிச்சமிருந்த நோட்டில் அம்மா பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். நான் புதுசாக ஒன்று வாங்கி, இந்த முறை வாக்காளர் அட்டை எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.