கைக்கவசம் அணியாத மனிதன்

ஜெர்மன் மொழியில் 'ஷுட்ஸ்' என்றால் காப்பு. 'ஹுண்ட்' என்றால் நாய். இவ்விரு சொற்களும் இணைந்த 'ஷுட்ஸ்ஹுண்ட்' என்ற பெயரில்தான் வேலைநாய்களுக்கான புகழ்பெற்ற தேர்வு உலகெங்கும் பரவியது. 2019 முதல் பன்னாட்டு அளவில் அத்தேர்வு ஐ.ஜி.பி. என்று வழங்குகிறது. பயன்பாட்டு நாய்களுக்கான பன்னாட்டுத் தேர்வு விதிகள் என்பது அதன் பொருள். காப்பு என்ற சொல் தலைப்பிலிருந்து விடைபெற்றுவிட்டது. ஆயினும், பட்டம் பெற்ற நாய் வீட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை மட்டும் விடைபெறவில்லை.

தேர்வின் மூன்றாம் நிலையில் காவல் பகுதி ஆறு மறைவிடங்களோடு தொடங்குகிறது. கையாள்பவரின் சைகைக்கேற்ப நாய் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. ஒன்றில் அசையாது நிற்கும் மனிதனைக் கண்டதும், கடிக்காமல் குரைத்தே அவனை நிறுத்தி வைக்கிறது. அவன் தப்பியோட முயலும்போது பாய்ந்து கவ்வுகிறது. பின்னர், தொலைவிலிருந்து மிரட்டியபடி எதிரே ஓடிவரும் அவனை அஞ்சாமல் சந்திக்கிறது. 'விடு' என்ற ஆணை பிறந்ததும் வாயைத் திறந்துவிடுகிறது. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 100 மதிப்பெண், மொத்தம் 300. எதிரியாக நடிப்பவர் 'உதவியாளர்' எனப்படுகிறார். அவர் கையில் சணல் உறையிட்ட தடித்த கவசம் இருக்கும். நாய் கவ்வ வேண்டியது அதை மட்டுமே.

அந்தக் கவசம் இல்லாத ஒருவன், இருண்ட மாடிப்படியில், குரலெழுப்பாமல் நின்றால் அதே நாய் என்ன செய்யும்? வேலைநாய் உலகில் ஓயாமல் நடக்கும் வாதம் இது. ஒரு சாரார் விளையாட்டுப் பட்டங்களை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குகின்றனர். மறு சாரார் பட்டமே போதிய சான்று என்கின்றனர். தேர்வு எதற்காகப் பிறந்தது என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர்.

1899இல் குதிரைப்படையின் முன்னாள் அதிகாரியான மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கான சங்கத்தை நிறுவினார். தொழில்மயமாதலால் மேய்ச்சல் தொழில் சுருங்கிவந்த காலம் அது. மந்தை இல்லாத மந்தைநாய் அழகுப் போட்டிகளுக்குரிய காட்சிப் பொருளாகிவிடும் என்று அவர் அஞ்சினார். காவல்துறைப் பணி போன்ற புதிய வேலைகளை அதற்குத் தேடினார். அவர் தொடங்கிவைத்த இயக்கத்திலிருந்தே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தேர்வு உருப்பெற்றது. எந்த நாய் இனப்பெருக்கத்துக்கு ஏற்றது என்று சலித்தெடுக்கும் சல்லடையாகவே அது கருதப்பட்டது. துணிவும் அடக்கமும் கற்கும் ஆற்றலும் ஒருங்கே அமைந்த நாய்தான் அதில் தேறும் என்பது எதிர்பார்ப்பு.

சல்லடையின் கண்கள் எவ்வளவு அகலம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், தானியத்தை அந்த அளவுக்கு அரைத்துக்கொள்வது எளிது. ஓர் அளவுகோல் இலக்காக மாறும்போது அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற கருத்து, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் அறியப்படுகிறது. பணக்கொள்கை குறித்து 1975இல் அவர் கூறியது நாய்த் தேர்வுக்கும் பொருந்தும். மறைவிடங்களின் எண்ணிக்கை, அவற்றின் வரிசை, உதவியாளரின் உடலசைவு, ஆணைச் சொற்கள் யாவும் முன்கூட்டியே தெரிந்தவை. அவற்றைப் பல நூறு முறை ஒத்திகை பார்க்கலாம். அப்போது மதிப்பெண் நாயின் இயல்பைக் காட்டிலும் ஒத்திகையின் செம்மையையே அதிகம் சொல்கிறது.

இனி, நாய் உண்மையில் எதைக் கற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது நன்றாகக் கவ்விய நாய்க்கு உதவியாளர் கவசத்தையே கழற்றிப் பரிசாக விட்டுக்கொடுக்கிறார். நாய் அதைப் பெருமிதத்தோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பார்வையாளருக்கு அந்தக் கவசம் பகைவனின் கை. நாய்க்கோ அது விளையாட்டுக்கான அழைப்பு. குறி ஒன்றே, பொருள் இரண்டு. ஒரு சூழலில் கற்றதை வேறொரு சூழலுக்குத் தானாகவே கொண்டுசெல்வதில் நாய்கள் வல்லவை அல்ல என்பது பயிற்றுநர்கள் அன்றாடம் காணும் உண்மை. புல்வெளியில் 'உட்கார்' என்றதும் உட்காரும் நாய், இரயில் நிலையத்தில் அதே சொல்லைக் கேட்டுத் திகைக்கலாம். புல்வெளியும் கவசமும் ஓடிவரும் உருவமும் நாயைப் பொறுத்தவரை 'கவ்வு' என்ற சொல்லின் பகுதிகளே. அவை நீங்கினால் சொல்லும் குலைகிறது.

இதனால் விளையாட்டு பொய் என்று ஆகிவிடாது. தமிழ் இலக்கண மரபு மொழியின் பயன்பாட்டை உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பிரித்தறிகிறது. தேர்வு மைதானம் செய்யுள் வழக்கு: அடியும் சீரும் வரையறுக்கப்பட்டவை, பிழை உடனே தெரியும். வீதி உலக வழக்கு: அடுத்து வருவது என்னவென்று யாருக்கும் தெரியாது. வெண்பா பாடத் தெரிந்தவர் சந்தையில் பேரம் பேச இயலாதவர் என்று கொள்ள முடியாது. வெண்பாவைக் கேட்டு அவருடைய பேரம் பேசும் திறனை மதிப்பிடவும் முடியாது. மேலும், செய்யுள் கற்பிக்கும் ஒழுங்கு உலக வழக்கில் அரிதாகவே கிட்டும். பாய்ச்சலின் உச்சத்தில் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறப்பது கடிப்பதைவிடக் கடினமான கல்வி. அதைக் கல்லாத முரட்டு நாய் காவல் நாய் ஆகாது. அஞ்சல்காரருக்கும் விருந்தினருக்கும் குழந்தைக்கும் ஆபத்தாகவே அது முடியும்.

எனவேதான் பணிக்கான பயிற்சி, விளையாட்டு முடியும் இடத்திலிருந்து தொடர்கிறது. கவசத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வது, வாய்ப்பூட்டு அணிவித்து மோதவிடுவது, வழுக்கும் தரையிலும் இருட்டறையிலும் வாகனத்தினுள்ளும் பழக்குவது, ஓடாமல் மிரட்டாமல் சும்மா அமர்ந்திருக்கும் மனிதனை எதிர்கொள்ளச் செய்வது ஆகியவை அதன் படிகள். கவசம் என்ற பொருளிலிருந்து மனிதன் என்ற பொருளுக்கு நாயின் கவனத்தை நகர்த்துவதே இவற்றின் நோக்கம்.

2022 ஜூலையில் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், ஆயுதம் தாங்கியவர்கள் பதுங்கியிருந்த கட்டடத்துக்குள் இந்தியத் தரைப்படையின் ஆக்ஸல் என்ற பெல்ஜியன் மாலினாய்ஸ் அனுப்பப்பட்டது. அறைகளைச் சோதித்துச் சென்ற அந்த நாய் சுடப்பட்டு இறந்தது. அடுத்த மாதம் அதன் பெயர் வீரச் செயலுக்கான குறிப்பில் இடம்பெற்றது. அந்த அறையில் நடுவர் இல்லை. கவ்வத்தக்க இடம் எது என்று காட்டும் சணல் உறையும் இல்லை. மைதானத்தை மட்டுமே அறிந்த ஒரு நாயைக் காப்பு என்ற பெயரை நம்பி அத்தகைய இடத்துக்கு அனுப்பினால், மனிதர் செய்த பெயர்க்குழப்பத்துக்கான விலையை அந்த நாயே கொடுக்கும்.

இந்திய நகரங்களில் 'பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பெற்றோரின் குட்டி' என்று விளம்பரப்படுத்தி நாய்கள் விற்கப்படுகின்றன. வாங்கும் குடும்பம் சான்றிதழைப் படிக்கிறது. அதில் எழுதப்படாததைப் படிப்பதில்லை. தேர்வில் கேட்கப்பட்ட வினாக்களுக்கு, அதுவும் குட்டியின் பெற்றோர், எப்படி விடையளித்தனர் என்பதே அந்தத் தாள் சொல்லும் செய்தி. எண்களைப் பாராட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது எளிய கேள்விதான்: இந்த நாய் இதுவரை கைக்கவசம் அணியாத மனிதன் ஒருவனைச் சந்தித்திருக்கிறதா? சந்தித்தபோது, கடிக்கத் தேவையில்லை என்பதையும் அது அறிந்திருந்ததா?