ராக்கெட் பாட்டிலில் ஒரு பனிமனிதன்

தீபாவளிக்கு ராக்கெட் விட்ட கண்ணாடி பாட்டில் மார்கழியில் பனிமனிதன் ஆகிறது. அதுவும் பனிமழையே பார்க்காத விருதுநகர் மாவட்டத்தில்!

சாமானுக்கு வெளியூர் போக வேண்டாம். மருத்துவக் கட்டுத்துணிக்குப் பேர்போன ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி இருக்க, பஞ்சுக்கு என்ன பஞ்சம்? தொப்பிக்கு, சிவகாசி அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய வண்ணக் காகிதம். கைகளுக்கு மருந்து முக்காத தீக்குச்சி. சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் உபயம்.

பாட்டில் வாயில் படிந்த கரியைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பசை தடவி, பஞ்சை அடியிலிருந்து மெல்லிசாக ஒற்ற வேண்டும். அழுத்தினால் பசையில் ஊறிக் கட்டிதட்டிவிடும். கண்ணுக்கு இரண்டு மிளகு.

பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.