முதல் இரண்டு வரி

மதுரையில் மாலை ஆறரை மணி என்றால் நியூயார்க்கில் காலை ஒன்பது. குளிர்காலத்தில் இங்கே ஏழரை ஆகிவிடும். அங்கே ஆபீஸ் திறக்கிற நேரத்தில்தான் எங்களுக்குக் கடை திறக்கிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் புதிதாக வந்து விழும் வேலைகளை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே போவோம். வெப்சைட் செய்து தர ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், பேச்சை எழுத்தாக்கித் தர ஆள் வேண்டும். நான் சப்டைட்டில் போடுகிறவன். என் பங்குக்கு வருவது அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டுதான்.

எங்களைப் போன்ற ஃப்ரீலான்ஸர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே புகாரில் வந்து நிற்கும்: எழுதி எழுதிப் போடுகிறோம், ஒருவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இதற்குச் சொல்லப்படும் வைத்தியமெல்லாம் எழுதுவதைப் பற்றியே இருக்கும். சுருக்கமாக எழுது, தன்னம்பிக்கையோடு எழுது, இந்த மாதிரிக் கடிதத்தைக் காப்பியடித்துக்கொள். என் கட்சி வேறு. வேலை கேட்டு எழுதும் ப்ரொபோசலில் முக்கால்வாசி வேலை படிப்பதில் இருக்கிறது. கிளையண்ட் என்ன எழுதியிருக்கிறார், எதை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று படித்தவருக்கு எழுத வேண்டியது தானாக வரும்.

இந்த இணைய ஃப்ரீலான்ஸ் சந்தைக்கு வயது கால் நூற்றாண்டு. 1999இல் ஈலான்ஸ் என்ற தளம் வந்தது. 2003இல் தொடங்கிய ஓடெஸ்க்குக்குப் பின்னால் இரண்டு கிரேக்க நண்பர்கள். ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் கிரீஸிலும் இருந்தபடி சேர்ந்து வேலை பார்க்க வழி தேடியதில் பிறந்தது அது. இரண்டும் ஒன்றாகி, 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய ஃபைவர் இதைத் திருப்பிப் போட்டது: வேலை செய்கிறவர் கடை விரித்து வைப்பார், வாங்குகிறவர் தேடி வருவார். அப்வொர்க்கில் நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், தட்டுவதற்கும் காசு. கனெக்ட்ஸ் என்ற டோக்கனுக்கு 2019இலிருந்து ஒன்றுக்கு 15 சென்ட் விலை. பத்து கனெக்ட்ஸ் கேட்கும் வேலைக்கு எழுதினால் ஒன்றரை டாலர், நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். கூடுதல் கனெக்ட்ஸ் ஏலம் கேட்டு நம் கடிதத்தைப் பட்டியலின் தலைக்கு ஏற்றவும் வசதி உண்டு. அதற்குப் பணம் போட்டால் இடம் கிடைக்கலாம். திறந்து பார்க்க வைப்பது அந்த இடம் இல்லை.

ஒருமுறை நானே வேலை கொடுப்பவனாக உட்கார நேர்ந்தது. கைக்கு வந்த ஒரு ஆவணப்படத்தில் பாதிப் பேச்சு மலையாளம். எனக்கு மலையாளம் சினிமா பார்க்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆள் தேடி விளம்பரம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை நிரம்பிவிட்டது. அந்தப் பக்கத்தில் முழுக் கடிதம் தெரிவதில்லை. சின்னதாக ஒரு போட்டோ, பெயர், நாடு, மணிக்கு இவ்வளவு என்ற கூலி, பழைய வேலைகளுக்குக் கிடைத்த மதிப்பெண், அதற்குக் கீழே கடிதத்தின் முதல் இரண்டு வரி. மீதியைப் படிக்க வேண்டுமானால் திறக்க வேண்டும்.

அந்த இரண்டு வரியில் ஏறக்குறைய எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்லி, தம் பெயரைச் சொல்லி, எத்தனை வருட அனுபவம் என்று சொல்லியிருந்தார்கள். பெயரும் அனுபவமும் பக்கத்திலேயே அச்சாகி நிற்கின்றன. கிடைத்த இடத்தை அதையே திருப்பிச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அவர்களில் பலர் நல்ல வேலைக்காரர்களாகவே இருந்திருக்கலாம். அதை விசாரித்து அறிய எனக்கு நேரம் இல்லை. படம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும் என்பது மட்டுமே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் இப்படித் தொடங்கியிருந்தார்: “பேசுகிறவர்கள் மீனவர்கள் என்று போட்டிருக்கிறீர்கள். திருவனந்தபுரம் பக்கமா, கண்ணூர் பக்கமா? பேச்சு நிறைய மாறும்.” எனக்கே தோன்றாத கேள்வி. மீதியைத் திறந்து படித்தேன். கூலி மற்றவர்களைவிடக் கூடுதல்தான். வேலையை அவருக்கே கொடுத்தேன்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். பஸ்ஸைவிட்டு இறங்கினால் நாலாபுறமும் “ஆட்டோ சார், ஆட்டோ” என்ற சத்தம். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடப்போம். ஒருவர் மட்டும் நம் கையிலிருக்கும் எக்ஸ்ரே கவரைப் பார்த்துவிட்டு, “பெரியாஸ்பத்திரிக்கா?” என்று கேட்பார். கால் தானாக நின்றுவிடும். அவர் தன் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எக்ஸ்ரே கவரைப் பார்ப்பது எப்படி என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். “சப்டைட்டில் சரியாகப் பொருந்தவில்லை, சரிசெய்ய ஆள் தேவை” என்று அடிக்கடி விளம்பரம் வரும். எழுதுகிறவர் படம் எடுத்தவர். சப்டைட்டில் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் கீழே எங்காவது “தொடக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, போகப் போகத் தள்ளிப் போகிறது” என்று ஒரு வரி இருக்கும். விஷயம் அந்த வரியில் இருக்கிறது. முதல் வசனத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி இருந்தால் மொத்தத்தையும் சில நொடி நகர்த்தினால் போதும். போகப் போக விலகினால் பெரும்பாலும் பிரேம் கணக்கில் கோளாறு. படம் நொடிக்கு 25 பிரேமில் ஓட, சப்டைட்டிலை 23.976 பிரேம் பிரதிக்குச் செய்திருப்பார்கள். பத்து நிமிடத்திலேயே சுமார் 25 நொடி விலகிவிடும். இதை முதல் இரண்டு வரியில் எழுதி, “பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டுவிட்டால் போதும். நான் தொழில் தெரிந்தவன் என்று தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பதில் எழுத அவருக்கும் சுலபமான ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது. அவர் அந்த நொடிக் கணக்கைச் சொன்ன நிமிடமே பேச்சு தொடங்கிவிட்டது.

விளம்பரத்துக்குக் கீழேயும் படிக்க நிறைய இருக்கும். அந்த கிளையண்ட் இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், போட்ட விளம்பரங்களில் எத்தனைக்கு ஆள் எடுத்திருக்கிறார், பணம் கட்டும் வழியைச் சரிபார்த்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே உண்டு. அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகளில் பல சமயம் அவர் பெயரே கிடைக்கும்; “அன்புள்ள ஐயா அல்லது அம்மையீர்” என்று தடவ வேண்டியதில்லை. சிலர் விளம்பரத்தின் நடுவில் “உங்கள் கடிதத்தை ‘மாம்பழம்’ என்ற சொல்லோடு தொடங்குங்கள்” என்பது போல ஒரு வரியை ஒளித்து வைத்திருப்பார்கள். முழுக்கப் படித்தவர் யார் என்று பார்க்கும் சோதனை. அது கொஞ்சம் வாத்தியார்த்தனமாகத் தோன்றலாம். திரை நிரம்பக் கடிதங்களைப் பார்த்த எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

படித்துப் பழகினால் எங்கே எழுதக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். ஐம்பது பேருக்கு மேல் எழுதி, பேச்சுவார்த்தையும் நடக்கும் வேலையில் நம் நூறு ரூபாயைக் கொண்டுபோய்ப் போடுவது வீண். விளம்பரமே தெளிவில்லாமல் இருந்து, விவரத்துக்கு டெலிகிராமில் வா என்று அழைத்தால் ஓடிவிட வேண்டும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்டால் அது திருட்டு, சந்தேகமே வேண்டாம். மாலை முழுவதும் உட்கார்ந்து ஒரே ஒரு கடிதம் எழுதி எழுந்த நாட்களை நான் நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு மாற்றம். முன்பெல்லாம் நம் ஊர் ஆட்களை ஆங்கிலம் பயமுறுத்தியது. நல்ல கைவேலை தெரிந்தவர் கடிதத்தில் தடுமாறுவார். இப்போது எல்லோருடைய கடிதமும் பிழையில்லாமல் வழுவழுவென்று வருகிறது. தடை ஒன்று விலகியது நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே குரலில் பேசும்போது வழுவழுப்புக்கு விலை போய்விடுகிறது. டொரன்டோவிலிருந்து ஒரு படத்துக்குத் தமிழிலிருந்து ஆங்கில சப்டைட்டில் கேட்டிருந்தார்கள்; கூடவே டிரெய்லருக்கு இணைப்பும் இருந்தது. திறந்து பார்த்தால், பேசும் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். “அம்மாவின் பேச்சில் மதுரைக்காரனான எனக்குப் பிடிபடாத இடங்கள் இருக்கும், அவற்றை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் தருவேன்” என்று எழுதினேன். டிரெய்லரைக் கேட்க இரண்டு நிமிடம் ஆனது. பதில் வர அந்த இரண்டு நிமிடம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆள் எடுக்காமலே கைவிடப்படும் விளம்பரங்கள் உண்டு. தெரிந்தவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டுப் பேருக்குப் போடுவதும் உண்டு. பாதிக் கூலிக்கு ஒத்துக்கொள்ள உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஆள் இருப்பார். புதிதாக வருகிறவருக்கு இன்னும் கஷ்டம்: மதிப்பெண் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் மதிப்பெண் இல்லை. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெரிய ஆட்கள் கை வைக்காத சின்ன வேலைகளை யாரும் படிக்காத அளவுக்கு ஊன்றிப் படிப்பது.

என் அக்கா மகள் டிசைன் படித்துவிட்டு இப்போது இந்தச் சந்தைக்கு வந்திருக்கிறாள். “மாமா, ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாங்க” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் எழுதியதை நான் திருத்தவில்லை. விளம்பரத்தை என்னிடம் வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். கேக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி புது லோகோ கேட்டிருந்தார். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் லோகோ, டப்பாவில் அச்சடித்ததும் மங்கிப் போகிறது என்று அந்த அம்மா எழுதியிருந்தார். “மாமா, இவங்களுக்கு லோகோ மாத்த வேண்டாம். கலரை ஸ்கிரீனுக்குப் போட்ட ஆர்ஜிபியிலேயே பிரஸ்ஸுக்கு அனுப்பியிருப்பாங்க. அச்சுக்கு சிஎம்ஒய்கேல எடுபடுற மாதிரி கலர் பார்த்துக் குடுத்தாப் போதும்.”

“அதை அப்படியே எழுது” என்றேன்.

“அப்ப பெரிய வேலை போயிடுமே, மாமா?”

கேள்வி நியாயமானது. லோகோவுக்குக் கிடைக்கும் காசில் கால்வாசிகூடக் கலர் திருத்தத்துக்குக் கிடைக்காது. ஆனாலும் என்னிடம் சொன்னதையே நாலு வரியில் எழுதினாள். அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அச்சுக்கு அனுப்பிய ஃபைலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கூலி சின்னதுதான். அடுத்து பண்டிகைக்கு டப்பா டிசைன் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டபோது விளம்பரமும் இல்லை, கனெக்ட்ஸும் இல்லை, ஐம்பது பேர் வரிசையும் இல்லை. நேராக இவளிடம் கேட்டார். நல்ல ப்ரொபோசலின் பலனே இதுதான்: அந்த ஆளுக்கு இன்னொரு ப்ரொபோசல் எழுதும் வேலையை அது மிச்சப்படுத்திவிடும்.