அறியாமையும் துணிகரமும்



பிழைப்புக்காகத் தலைநகர் டில்லிக்கு வரும் நம்முடைய ஜனங்களில் அநேகருக்கு, 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலே அன்றாட வாகனமாயிருக்கிறது. வேலைக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் அதிலேயே போகிறோம். முன்பணம் செலுத்திய ஸ்மார்ட் கார்டு இருந்தால் டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கட்டணத்திலும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆயினும் அந்தச் சிறிய அட்டைக்கும் ஒரு பிரமாணம் உண்டு. அதை அறியாததினால் ஏழைத் தொழிலாளியின் கைக்காசு வீணாய்ப் போவதைக் காண்கையில் மனம் வேதனைப்படுகிறது.

நாம் நுழைகையில் தானியங்கி வாயில், நிலையத்தையும் நேரத்தையும் அட்டையில் பதிக்கிறது. வெளியேறுகையில் அதைக் கணக்கிட்டுக் கட்டணத்தைக் கழிக்கிறது. ராஜீவ் சவுக்கில் நீல வழியிலிருந்து மஞ்சள் வழிக்கு உள்ளேயே மாறினால் அது ஒரே பயணம். நடுவில் வெளியே வந்து மறுபடி நுழைந்தால் அது புதுப் பயணம், கட்டணமும் புதிது. நுழைந்த நிலையத்திலேயே திரும்பி வெளியேறினாலும் பணம் கழியும். உள்ளே தங்கக் கால வரம்பும் உண்டு. மிஞ்சினால் மணிக்கு 10 ரூபாய் வீதம் 50 ரூபாய் வரை அபராதம். ஆராதனை முடிந்து பிளாட்பாரத்தில் நெடுநேரம் பேசி நிற்கும் வாலிபர் இதைக் கவனிப்பார்களாக.

ஓர் அட்டை ஒரு வேளையில் ஒருவருக்கே. கணவர் நுழைந்தபின் அதே அட்டையை மனைவியிடம் நீட்டினால் வாயில் திறவாது. ஊரிலிருந்து நேற்று வந்த சகோதரி, செய்வதறியாமல், கணவரை ஒட்டியே உள்ளே போய்விடுகிறார். இறங்குமிடத்தில் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை, இந்தியும் தெரியாது. அபராதம் செலுத்தி, பலர் முன்னே தலைகுனிந்து நிற்கிறார்.

வேறொருவரோ பல ஆண்டுகள் இங்கே வசித்தவர். விதியை நன்றாய் அறிந்தும், நெரிசலில் முன்செல்பவரின் முதுகை ஒட்டி நுழைகிறார். 90 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கட்டணமில்லாக் குழந்தை என்று சாதிக்கிறார்.

வாயிலண்டையில் இருவரும் ஒன்றே, அபராதமும் ஒன்றே. கர்த்தருடைய சமுகத்திலோ அப்படியல்ல. எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம், அறியாமல் செய்ததையும் துணிகரமாய்ச் செய்ததையும் பிரித்துக் காட்டுகிறது. அறியாதவனுக்கு அங்கே நிவர்த்தி உண்டு. சுதேசிக்கும் அந்நியனுக்கும் அதில் ஒரே பிரமாணம். துணிகரக்காரனுக்கோ அங்கே பலி சொல்லப்படவில்லை. கிறிஸ்துவுக்குள் அவனுக்கும் இன்று மன்னிப்பு உண்டு. ஆனால் சகேயுவைப் போல மனந்திரும்பி, எடுத்ததைத் திரும்பக் கொடுக்க ஆயத்தமாய் வரவேண்டும்.

ஆகவே, புதிதாய் வந்தவரை நியாயந்தீர்க்காமல் கற்பியுங்கள். ஊரிலிருந்து ஒரு குடும்பம் சபைக்கு வந்தால், வீடு பார்த்துக் கொடுப்பதோடு நின்றுவிடாதேயுங்கள். ஆளுக்கோர் அட்டை வாங்க உதவி, முதல் பயணத்தில் கூடவே போங்கள். விதியை அறிந்தவர்களோ, ஒருவரும் கவனியாத நெரிசலிலும் உண்மையாய் நடந்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகள் வீட்டு ஜெபத்தில் நாம் சொல்வதைக் கேட்கிறார்கள். அந்த வாயிலில் நாம் செய்வதையும் பார்க்கிறார்கள்.

கர்த்தர்தாமே உங்கள் அன்றாடப் பயணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.