ஆள் ஏறிய பிறகு பாருங்கள்

படகு வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எத்தனை குதிரைவலு, இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா, எந்த நாட்டில் செய்தது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். தண்ணீருக்குள் கிடக்கிற புரொப்பல்லரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். கடைக்காரர் எதைப் பூட்டிக் கொடுத்தாரோ அதுதான் அந்தப் படகின் தலைவிதி. பெந்தோட்டை ஆற்றங்கரையில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தியே எனக்குத் தலை நரைத்தது. எஞ்சினில் பிழை என்று என்னிடம் வந்த, தண்ணீரில் ஆளை இழுத்துச் சறுக்கவைக்கும் ஸ்கீ படகுகளில் பல, எஞ்சினில் ஒரு பிழையும் இல்லாதவை.

புரொப்பல்லரில் இரண்டு எண்கள் வெட்டியிருக்கும், 13¼ × 17 என்ற மாதிரி. முதலாவது இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம். இரண்டாவது பிட்ச், மரத்தில் திருகாணி இறங்குவது போல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு. ஆனால் தண்ணீர் வழுக்கும். பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ எப்போதும் கழிந்துவிடும். 115 குதிரைவலு எஞ்சின், கியர் விகிதம் 2.15 என்று வையுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்று ஓடினால் புரொப்பல்லர் ஏறக்குறைய 2560 சுற்று சுற்றும். பிட்ச் 17 என்றால் ஏட்டுக் கணக்கில் மணிக்கு 66 கிலோமீட்டர். வழுக்கல் போக 57, 58 மிஞ்சும். ஆண்களுக்கான ஸ்லாலம் ஸ்கீ போட்டியில் படகுக்கு விதித்திருக்கும் உச்ச வேகமே 58தான். விடுமுறைக்கு வந்து விளையாடுகிறவர்களுக்கு 40, 45 தாராளம். பழகுகிற பிள்ளைகளுக்கு 30 போதும்.

அப்படியானால் மேலே கிடக்கிற வேகம் யாருக்கு? ஓட்டுகிறவருடைய பெருமைக்கு.

கொழும்பிலிருந்து ஒரு முதலாளி புதுப் படகோடு வந்தார். தானே தனியாக ஏறி, கால் டேங்க் பெட்ரோலோடு ஆற்றில் ஓட்டிப் பார்த்து, 19 அங்குல பிட்ச்சைத் தெரிவு செய்திருந்தார். முள் 63 கிலோமீட்டர் காட்டியதாம். அந்த வார இறுதியில் மனைவி, மூன்று பிள்ளைகள், நிறைந்த டேங்க், ஐஸ் பெட்டி எல்லாம் ஏறின. மூத்த மகன் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் காத்திருந்தான். கயிறு இறுகியது, திராட்டில் முழுவதும் போனது, படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஓட்டுகிறவருக்கு முன்னால் ஆறே தெரியவில்லை. பின்னால் பையன் எழும்ப முடியாமல் முகம் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு இழுபட்டான். கடைசியில் கயிற்றை விட்டுவிட்டான்.

“பாஸ், எஞ்சின் இழுக்குதில்லை. கம்பெனிக்கு அனுப்பவா?”

“எஞ்சினில ஒரு குறையும் இல்லை முதலாளி. பார்த்து வாங்கின நாள் படகில எத்தனை பேர் இருந்தீங்க?”

“நான் மட்டும்தான்.”

ஸ்கீ விளையாட்டில் உண்மையான வேலை அந்த முதல் சில விநாடிகளில்தான். ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டால் மிச்சம் சுலபம். 1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலாக இதைச் செய்து பார்த்தபோதும் அவனுக்கு வேகம் பிரச்சினையாக இருக்கவில்லை. எழும்புவதுதான் பிரச்சினை. பின்னால் சாய்ந்து பலகைகளின் நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்த பிறகே அவனால் நிற்க முடிந்தது.

முதலாளியின் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு நானும் ஏறினேன். முழுத் திராட்டிலில் ஆர்பிஎம் முள் 4700ஐத் தாண்டவில்லை. அந்த எஞ்சினுக்கு 5000க்கும் 6000க்கும் இடையில் ஓட வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. முதலாளிக்கு அதில் சந்தோஷம்: “சத்தமே இல்லை பாருங்க, எவ்வளவு அமைதியா ஓடுது!”

அந்த அமைதிதான் ஆபத்து. தாங்க முடியாத பிட்ச்சைப் பூட்டினால் எஞ்சின் கத்தாது, முக்கும். உள்ளே சூடு ஏறும், கரி படியும், நாள்பட பிஸ்டன் கெடும். பிட்ச் குறைந்துவிட்டால் எஞ்சின் அலறும், எல்லை தாண்டினால் தானே அடங்கும். அந்தக் குறை ஊருக்கே கேட்கும், திருத்திவிடலாம். முக்குகிறதை யாரும் கவனிப்பதில்லை. வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காமல் சுமக்கிற மூத்த பிள்ளையைப் பற்றி, “அவளுக்கென்ன, எதையும் தாங்குவாள்” என்று சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு பொறுப்பைத் தலையில் வைப்பார்கள். அவள் நலமாக இருக்கிறாளா என்று கேட்கிற எண்ணமே வராது.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். எண்ணூறு கூட்ட வேண்டியிருந்ததால் 15ஐப் பூட்டினேன். அதே ஆட்கள், அதே ஐஸ் பெட்டி. முள் 5500க்கு ஏறியது. பையன் முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றான். உச்ச வேகம் 52 ஆனது. முதலாளி முகம் கொஞ்சம் சுருங்கியது, மறைப்பானேன். தனியே ஓட்டும் நாளில் முள் 6000ஐத் தொட்டுவிடும், கையை அடக்குங்கள் என்றும் சொல்லிவைத்தேன். எல்லா நாளுக்கும் பொருந்துகிற புரொப்பல்லர் இல்லை. எந்த நாளுக்காகப் படகு வாங்கினோம் என்பதை வாங்கியவர்தான் சொல்ல வேண்டும்.

நான்கு இறக்கை நல்லதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா என்றும் கேட்பார்கள். நான்கு இறக்கை தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், இழுவைக்கு உகந்தது. உச்ச வேகத்தில் சிறிது போகும். ஸ்டீல் வளையாது, இறக்கை மெல்லியது, விலை பல மடங்கு. மணல்திட்டும் மிதக்கும் கட்டையும் உள்ள இந்த ஆற்றில் நான் அலுமினியத்தையே சொல்வேன். அடிபட்டால் அது வளைந்து, மேலே கியரைக் காப்பாற்றும்.

கழற்றிய 19ஐ விற்றுவிடவா என்று கேட்டார். வேண்டாம், படகிலேயே கிடக்கட்டும் என்றேன். கூடவே நட், புதுப் பின் இரண்டு, ஸ்பானர், ஒரு துண்டுக் கட்டை. நட்டைக் கழற்றும்போது இறக்கை சுற்றாமல் தடுக்க அந்தக் கட்டை வேண்டும். கையால் பிடித்து விரலைக் கிழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகே புரொப்பல்லரைத் தொட வேண்டும் என்று மகனிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன்.