புதுப்பேட்டைக்குப் போன புல்லட்!

எழும்பூர் ஸ்டேஷன் முன்வாசலில் இறங்கி, கூவம் இருக்கிற திசையில் நடந்தால் (மூக்கு ஒன்று போதும், யாரிடமும் வழி கேட்க வேண்டாம்) புதுப்பேட்டை வந்துவிடும். சென்னையில் ஆயுள் முடிந்த வண்டிகள் மோட்சத்துக்குப் போகிற வழியில் கடைசியாக நிற்கிற ஊர் இது. ஒரு கடை வாசலில் கார் கதவுகள் மட்டும். அடுத்த கடையில் சைலன்ஸர்கள். அதற்கடுத்த கடையில் வரிசையாக ஹெட்லைட்டுகள், கடன் கொடுத்தவர் மாதிரி நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும்.

ஓடுகிற வண்டிக்கு இங்கே மரியாதை கிடையாது. தள்ளிக்கொண்டு போனால்தான் மவுசு! நான் என் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்த நூறு அடிக்குள் மூன்று பேர் விலை கேட்டுவிட்டார்கள். ஒருவர் முழுசாக. இன்னொருவர் இன்ஜின் மட்டும். மூன்றாமவர் பெட்ரோல் டேங்க்கைத் தட்டிப் பார்த்து, "தம்பி, இதை மட்டும் கழட்டிக்கறேனே..." என்றார், சொந்த மாமா மாதிரி உரிமையோடு.

வண்டி அப்பாவுடையது. 1986-ல் பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. திருவொற்றியூர்த் தயாரிப்பு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து ஆரம்பித்த கம்பெனி அது. இங்கிலாந்துக் கம்பெனி கதவைச் சாத்திய பிறகும் நம்மூரில் 'டப் டப்' நிற்கவில்லை.

அப்பா போய் நாலு வருஷம். வண்டி நின்று ஒரு மாசம். அண்ணன் கெடு வைத்துவிட்டான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஸ்டார்ட் ஆகலேன்னா எடைக்குப் போட்டுடலாம்டா. பார்க்கிங்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது." காயலான் கடைக்காரரிடம் விலையும் பேசியாகிவிட்டது. நான் பி.காம். தேய்மானக் கணக்குப் போட்டால் அண்ணன் சொல்வது ரொம்ப சரி. வண்டியின் மதிப்பு பூஜ்யம். அதே கணக்குப்படி அப்பாவின் கைக்கெடிகாரமும் பூஜ்யம், மூக்குக்கண்ணாடியும் பூஜ்யம். கணக்கு சரிதான்... மனசுதான் டேலி ஆகவில்லை.

நோய் இதுதான். லேசாக மிஸ்ஸிங் இருந்தது. ஒரு மெக்கானிக் (பேர் வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரர்) காண்டாக்ட் பாயின்ட்டைப் புதுசாக மாற்றினார். அன்றிலிருந்து வண்டி மௌன விரதம். உடனே ஆளாளுக்கு வைத்தியம். "கார்புரேட்டரைக் கழுவு" என்றார் ஒருவர். "பெட்ரோல்ல தண்ணி" என்றார் இன்னொருவர். மேல்வீட்டு மாமி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்!

புதுப்பேட்டையில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிற ஒரு பெரியவரைக் கை காட்டினார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா எதுல கை வெச்சாங்க?"

"பாயின்ட் மாத்தினாங்க பாய்."

"அதுக்கு முன்னாடி ஓடிச்சா?"

"ஓடிச்சு பாய். கொஞ்சம் மிஸ்ஸிங்."

"அப்ப கார்புரேட்டர் என்ன பாவம் பண்ணிச்சு தம்பி?"

எனக்குச் சுரீரென்றது. ஆடிட் ஆபீஸில் இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? நேற்று வரை டேலி ஆன கணக்கு இன்றைக்கு உதைத்தால், பழைய லெட்ஜரையெல்லாம் புரட்டாதே, கடைசி என்ட்ரியைப் பார் என்று!

பாய் பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இன்ஜின் தலையில் படுக்கவைத்துக் கிக்கரை மிதித்தார். பொறி இல்லை. அடுத்து, சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தினார். பார்வை முழுக்க அம்மீட்டர் முள்ளில்.

விஷயம் இதுதான். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடும்; முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் கரன்ட் அறுந்து, முள் நடுவுக்குத் திரும்பும். அப்படி அறுகிற நொடியில்தான் பிளக்கில் பொறி. எங்கள் வண்டியிலோ முள் சாய்ந்தது... சாய்ந்தபடியே கிடந்தது.

"பாயின்ட் தொறக்குது. ஆனா கரன்ட் வேற வழியில பாடிக்குப் போயிடுது" என்றபடி மூடியைத் திறந்தார். பாயின்ட் ஸ்பிரிங்கும் வயரும் சேருகிற இடத்தில், இரும்பில் படாமல் காக்கவேண்டிய பைபர் வாஷர் ஒன்று இல்லை. நெற்றிப் பொட்டு அளவு சாமான்! பழைய தைல டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை எடுத்துப் போட்டார். புது பாயின்ட்டில் இருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்தார். கேஜ் வைத்து இடைவெளியை 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே நிறுத்தினார்.

பக்கத்தில் ஒரு அம்பாஸடர் பானெட் இல்லாமல் நின்றது. "அதுவும் இதே கேஸ்தான்" என்றார். பிளக் வயர்களின் வரிசை 1-3-4-2. யாரோ இரண்டை மாற்றிச் செருகிவிட்டு, இன்ஜினையே இறக்கவேண்டும் என்று ஓனரைக் கலங்கடித்திருக்கிறார்கள். "புதுசு போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கிறாங்க தம்பி. புது கன்டென்சரே செத்துப்போய் வரும். புதுசைத்தான் முதல்ல சந்தேகப்படணும்."

பிறகு என்னிடம் சாவியைக் கொடுத்தார். முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி.

டப்... டப்... டப்...

டேங்க் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வாஷர் மூன்று ரூபாய். கூலி நூறு. நான் அதிகம் நீட்டியதை பாய் வாங்கவில்லை. "வாஷருக்கு இவ்ளோ காசா?" என்று சிரித்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காயலான் கடைக்காரர் போன் செய்தார். அண்ணன்தான் எடுத்தான்.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

"வண்டிச் சாவி எங்கடா?"