கட்டமில்லாத தம்ளர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமூகவியல் படிக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி வினாத்தாளும் பேனாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாவல் எழுதுகிறவனுக்குப் பிறரைத் துருவித்தான் பழக்கம். நம்மையும் ஒருவர் கேட்க வந்திருக்கிறாரே என்று உற்சாகமாக உட்கார்ந்தேன்.

எத்தனை பேர், என்ன வருமானம், என்ன பத்திரிகை என்று கேட்டுக் கட்டங்களில் குறி போட்டுக்கொண்டே வந்தவள், "சாதி காரணமாக வீட்டில் யாரையாவது வித்தியாசமாக நடத்துவதுண்டா?" என்றாள்.

"கிடையவே கிடையாது" என்றேன். குரல் சற்று உரக்கவே வந்தது. இதைப் பற்றி இரண்டு நாவல் எழுதியவன் அல்லவா!

அந்த நேரம் பார்த்து, வீடு பெருக்கும் அம்மாள் கொல்லைப்படியில் காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவளுக்கென்றே வைத்த தம்ளர். பதினைந்து வருஷமாக அதற்கு அதுதான் இடம். பெண் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

வினாத்தாளை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே கேள்வியை ஆயிரம் பேரிடம் ஒரே மாதிரி கேட்டு ஒப்பிட அதைப்போல் வசதி வேறில்லை. ஆளைச் சரியாகப் பொறுக்க வேண்டும். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ஆல்ஃப் லாண்டன்தான் ஜனாதிபதி என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் ஜயித்தார். டெலிபோன், மோட்டார் வைத்திருந்தவர்களின் ஜாபிதாவைப் பெரிதும் நம்பியது ஒரு தவறு; பதில் போடாதவர்களின் மனசு தெரியாமற்போனது இன்னொன்று. சரி, ஆளைச் சரியாகவே பொறுக்கினாலும், அந்த ஆள் என்னைப் போன்றவனாக இருந்துவிட்டால்?

அப்படியானால் கூடவே வாழ்ந்து பார்க்கலாம். ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றில் தங்கி, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் சூட்டி, 1965-இல் புத்தகம் வெளியிட்டார். கூட இருப்பவன் கண்ணுக்குத் தம்ளர் தப்பாது. ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கிருந்துகொண்டு ஆதி திராவிடர் தெருவில் தாராளமாகப் பழக முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்தத் திண்ணையில் உட்காருகிறோமோ, அதிலிருந்து தெரிவதுதான் ஊர். அந்த ஓர் ஊரை வைத்து எல்லா ஊரையும் சொல்லிவிடவும் முடியாது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், அந்தத் தம்ளரைப் பார்த்தேன். ஆனா அதுக்குக் கட்டம் இல்லையே."

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன். "ஒண்ணு, பதிலை மாத்துங்க. இல்லேன்னா தம்ளரை மாத்துங்க" என்றாள்.

பெண்ணின் விலாசம் தெரியாது. மறுநாள் நானே காபி ஆற்றி, எங்கள் தம்ளர் ஒன்றில் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். பிறகு வழக்கம்போலக் கழுவி, ஜன்னலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

இப்போது அங்கே இரண்டு தம்ளர்கள் இருக்கின்றன.